சின்னக் கடை ஆன்லைனில் விற்க ஆரம்பிக்கும்போது: தளத்தைத் தேடும் முன் ஒரு பார்சலின் கணக்கு

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் சின்னக் கடை, வேலை பார்ப்பது இரண்டே பேர், சரக்கு சுமார் 600 வகை. ஆன்லைனில் விற்கச் சொந்தமாக வெப்சைட் போடுவதா, பெரிய தளம் ஒன்றில் விற்பனையாளராகச் சேர்வதா என்பது முதல் கேள்வி. 600 பொருளையும் ஏற்றி முடிக்க எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது இரண்டாவது. கடையில் ஒரு விலையும் ஆன்லைனில் ஒரு விலையும் வைக்கலாமா என்பது மூன்றாவது. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மூன்றுக்கும் அடியில் வேறு ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இவ்வளவு பாடுபட்டால் கையில் ஏதாவது நிற்குமா, இல்லை, இருக்கிற கடையைக் கவனிக்கிற நேரமும் இதில் போய்விடுமா? அதற்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றும் பாதி தீர்ந்த மாதிரி, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தூரிகை, வண்ணம், வரைதாள் என்று ஓவியப் பொருட்களைப் பன்னிரண்டு வருடமாக ஆன்லைனில் விற்கிறேன். கடையும் இருக்கிறது, பெரிய தளங்களிலும் விற்றிருக்கிறேன், சொந்த வெப்சைட்டை ஒரு தடவை தொலைத்துவிட்டு மறுபடி கட்டவும் செய்தேன், அந்தக் கதை பின்னால் வரும். துணிமணியும் செருப்பும் நான் விற்றதில்லை. அளவு சேராமல் திரும்பி வரும் சரக்குதான் அங்கே பெரிய தலைவலி, அது தனி உலகம். உணவு, மருந்து, அழகுசாதனம் ஆகியவற்றுக்கு உரிமம், காலாவதி தேதி என்று விதிகள் நிறைய, அந்தப் பக்கமும் போனதில்லை. கெட்டுப்போகாத, உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டியிராத சரக்குக்குத்தான் நான் சொல்வது பொருந்தும். உங்களுடையது அந்த வகை என்பதால் எழுதுகிறேன்.

ஆன்லைனில் விற்றால் வாடகை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை இருக்கிறது, மாதம் பிறந்ததும் யாரும் வந்து கேட்பதில்லை, ஒவ்வொரு பார்சலோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கடை வாடகை விற்றாலும் விற்காவிட்டாலும் அதே தொகை, அதனால் வியாபாரம் கூடக் கூட மிச்சமும் கூடும் என்கிற பழக்கத்தில் நாம் வளர்ந்திருக்கிறோம். இங்கே ஒரு பார்சலில் நஷ்டம் என்றால் நூறு பார்சலில் நூறு மடங்கு நஷ்டம். ஆர்டர் வந்து குவிகிற சந்தோஷத்தில் இது மூன்று மாதத்துக்குக் கண்ணில் படாது. எனக்குப் பட்டதே வருடக் கணக்கு முடிக்கும்போதுதான்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். வரியை விட்டுவிட்டு, விற்பனை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 55. தளத்தின் கமிஷனும் பணம் வசூலிக்கும் கட்டணமும் சேர்ந்து 13 (பல பெரிய தளங்களில் நிறையப் பிரிவுகளுக்குக் கமிஷன் 8 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும், பொருளின் பிரிவைப் பொறுத்து மாறும்). அட்டைப்பெட்டி, டேப், குமிழித்தாள் எல்லாம் 4. கூரியர் 12. விளம்பரத்துக்கு 5. அப்புறம் எல்லோரும் மறந்துவிடும் ரிட்டர்ன்: நூற்றில் ஐந்து பார்சல் திரும்பி வருவதாக வைத்தால், போகும் கூலி, வரும் கூலி, பேக்கிங் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தண்டம், திரும்பி வந்ததில் பாதி மறுபடி விற்க முடியாத நிலையில் இருக்கும். அதை எல்லாப் பார்சலுக்கும் பிரித்துப் போட்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வரும். கூட்டினால் 92. மிச்சம் 8, அதில்தான் உங்கள் உழைப்புக்கான கூலியும் அடக்கம். இப்போது திருவிழாத் தள்ளுபடி என்று பத்து சதவீதம் குறைக்கிறீர்கள். விலை 90, கமிஷன் 11.7 ஆகக் குறையும், மற்றது எதுவும் குறையாது, செலவு 90.7. ஒவ்வொரு பார்சலோடும் காசை வைத்துக் கட்டி அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம்.

இதே கணக்கில் ஒரே பெட்டியில் இரண்டு பொருள் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். விலை 200, கொள்முதல் 110, கமிஷன் 26, பேக்கிங் 5, எடை கொஞ்சம்தான் கூடுவதால் கூரியர் 15, ரிட்டர்ன் 6, விளம்பரம் அதே 5. மொத்தம் 167, மிச்சம் 33. எட்டு எங்கே, முப்பத்து மூன்று எங்கே! என் சொந்தக் கணக்கிலும் நிலைமையை மாற்றியது இதுதான். ஒற்றைத் தூரிகை விற்பதை நிறுத்திவிட்டு மூன்று தூரிகைக் கட்டாக விற்க ஆரம்பித்தேன், ஆர்டர் எண்ணிக்கை குறைந்தது, மிஞ்சிய பணம் கூடியது. நான் வைத்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒற்றையாகப் போகும் மலிவான பொருளில் கூரியர் கூலி லாபத்தைத் தின்றுவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் சரக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது கிலோவில் கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். (சில நிறுவனங்கள் வேறு எண்ணால் வகுக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.) 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் 700 கிராம் பிளாஸ்டிக் டப்பாக்களைப் போட்டு அனுப்பினால் 24,000 ஐ 5000 ஆல் வகுத்து 4.8 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். அதே டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி 30, 20, 10 பெட்டியில் அடக்க முடிந்தால் 1.2 கிலோ. வாளி, கூடை, பெரிய டப்பா எல்லாம் கடையில் நன்றாக ஓடும் சரக்காக இருக்கலாம், ஆன்லைனில் அவை காற்றை ஏற்றி அனுப்புகிற வியாபாரம். விலைப்பட்டியல் போடுவதற்கு முன்னால் அளவுநாடாவும் தராசும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்படியானால் எதை விற்பது? கடையில் எது வேகமாக ஓடுகிறதோ அதையே ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை, நானும் செய்தேன். பெயர் பெற்ற பிராண்டுப் பொருட்கள்தான் கடையில் வேகமாக ஓடும், ஆனால் அமேசான் மாதிரித் தளங்களில் ஒரே பொருளை எத்தனை பேர் விற்றாலும் பக்கம் ஒன்றுதான். வாங்கும் பொத்தானை அழுத்தினால் ஆர்டர் யாருக்குப் போக வேண்டும் என்பதை விலை, அனுப்பும் வேகம், விற்பனையாளருக்கு இருக்கும் நற்பெயர் இவற்றை வைத்துத் தளம் முடிவு செய்யும். உங்களைவிட நூறு மடங்கு சரக்கெடுக்கும் ஒருவருடன் அங்கே விலையில் மோதி நாம் ஜெயிக்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடையின் பின் அலமாரிக்குப் போவேன். ஜாடி மூடிக்கான ரப்பர் வளையம், கழன்றுபோன கைப்பிடிக்கு மாற்று, சாதாரணமாகக் கிடைக்காத அளவில் கொக்கி, கீல், வடிகட்டி. கடைக்கு மாதம் ஒருவர்தான் கேட்டு வருவார், ஆனால் அதே தேவை எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அவர்கள் தேடுவதும் அளவைப் போட்டுத்தான். சிறியது, லேசானது, உடையாது, போட்டி குறைவு, கட்டாகச் சேர்த்தும் விற்கலாம். இது கவர்ச்சியான வியாபாரம் இல்லைதான், காசு நிற்பது என்னவோ இதில்தான்.

சரி, தளம். சின்ன விற்பனையாளர்களுக்கு அமேசான் தன் கடையைத் திறந்துவிட்டது 2000 ஆம் ஆண்டில். இன்று அங்கே விற்கும் பொருட்களின் எண்ணிக்கையில் சுமார் 60 சதவீதம் வெளி விற்பனையாளர்களுடையது. அந்தக் கூட்டம்தான் பெரிய தளத்தின் பலம், நீங்கள் ஆள் கூப்பிட வேண்டியதில்லை. பலவீனம், வாடிக்கையாளர் உங்களுடையவர் ஆக மாட்டார். பார்சலில் உங்கள் கடையின் விளம்பரச் சீட்டை வைத்து நேராக வாங்கச் சொன்னால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். சொந்த வெப்சைட்டில் நிலைமை தலைகீழ்: வாடிக்கையாளர் உங்களுடையவர், கமிஷன் இல்லை, பணம் வசூலிக்கும் கட்டணம் மட்டும். ஆனால் யாரும் வர மாட்டார்கள். ஒரு புது வெப்சைட் தேடலில் தலைகாட்டவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை விளம்பரத்துக்குக் கொடுக்கும் காசு கமிஷனைவிட அதிகமாகக்கூடப் போகலாம்.

ஆகவே என் பதில்: பெரிய தளம் ஒன்றில் ஆரம்பியுங்கள், ஒன்றே ஒன்றில். அங்கே முப்பது நாற்பது ஆர்டர் அனுப்பிய பிறகு எது விற்கிறது, எது திரும்பி வருகிறது, உங்கள் பேக்கிங் தாங்குகிறதா என்று கையில் விவரம் இருக்கும். அந்த விவரத்துக்குக் கொடுக்கும் கூலி என்று கமிஷனை நினைத்துக்கொள்ளலாம். சொந்த வெப்சைட்டை, ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வாங்குகிற சரக்கு உங்களிடம் இருப்பது தெரிந்த பின் போடுங்கள். அப்போது இரண்டு வழி உண்டு. ஷாப்பிஃபை மாதிரி, கடை வெப்சைட்டை நடத்தித் தரும் மாதக் கட்டணச் சேவையில் பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் கட்டும் மென்பொருளின் மேல் ஓடும் வூகாமர்ஸ் கடை மென்பொருள் இலவசம், ஆனால் ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்க இணையத்தில் வாடகை இடம்), பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். ஷாப்பிஃபையே ஒரு சின்னக் கடையிலிருந்து வந்ததுதான்: டோபி லுட்கே 2004 இல் பனிச்சறுக்குப் பலகை விற்க ஆரம்பித்தார், கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தானே எழுதினார், 2006 இல் அந்த மென்பொருளையே மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டே பேர் உள்ள கடைக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன், மென்பொருள் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தால் தவிர.

வெப்சைட் தொலைந்த கதை இதுதான். முதல் தடவை ஒரு வெப்சைட் வடிவமைப்பாளரிடம் மொத்தமாக வேலையைக் கொடுத்தேன். அவர் நல்லவர்தான், ஆனால் டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். மூன்று வருடம் கழித்து அவர் தொழிலை விட்டுப் போனார், புதுப்பிக்கும் அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பில்லிலும் பையிலும் அச்சடித்திருந்த முகவரி ஒரே நாளில் வேறொருவரின் பக்கத்துக்குப் போனது. யார் செய்து கொடுத்தாலும் சரி, டொமைன், ஹோஸ்டிங், பணம் வசூலிக்கும் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கூடவே முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர் அது இல்லாத பக்கங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது, அதைப் பார்த்துவிட்டு யாரும் கார்டு எண்ணைத் தட்ட மாட்டார்கள். கார்டு விவரங்களை உங்கள் பக்கம் சேமித்து வைக்கவே வேண்டாம், பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பக்கத்திலேயே அந்த வேலை முடியட்டும்.

600 பொருளையும் ஏற்ற எவ்வளவு நாள் என்றீர்கள். போட்டோ, அளவு, எடை, விளக்கம் எல்லாம் சேர்த்து ஒழுங்காகச் செய்தால் ஒரு பொருளுக்கு எனக்கு இன்றைக்கும் முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. 600 பொருளுக்கு 450 மணி நேரம், அதாவது கடையை மூடிவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஏழெட்டு மாதம். அதில் முக்கால்வாசி விற்கவே போவதில்லை. பதினைந்து பொருளை எடுங்கள், மேலே சொன்ன காகிதக் கணக்கில் தேறியவற்றை மட்டும். எந்தப் பதினைந்து ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது, என் ஊகம் இன்றுவரை பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகிறது.

போட்டோவுக்குக் கேமரா வாங்க வேண்டாம், மொபைல் போதும். பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம், வெள்ளைத் தாள், மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப இன்னொரு வெள்ளை அட்டை. அமேசானில் முதல் படம் சுத்த வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீத இடத்தை நிறைக்க வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் நீளமான பக்கம் 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். மற்ற தளங்களுக்கும் இதையே வைத்துக்கொண்டால் தப்பில்லை. இரண்டாவது படத்தில் பொருளைக் கையில் பிடித்துக் காட்டுங்கள், மூன்றாவதில் அளவுகோலை ஒட்டி வைத்து எடுங்கள். எனக்குத் திரும்பி வந்த சரக்கில் பெரும்பகுதி உடைந்து வந்ததில்லை, நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது என்று வந்தது. விளக்கத்தில் அளவை எழுதியிருந்தேன், அதை யாரும் படிக்கவில்லை. கை பக்கத்தில் இருக்கும் படத்தைப் போட்ட பிறகு அந்தப் புகார் ஏறக்குறைய நின்றே போனது.

விளக்கத்தில் குறையை மறைக்க வேண்டாம். ஈபே என்ற ஏலத் தளம் ஆரம்பித்த 1995 இல் அங்கே விற்ற முதல் பொருளே உடைந்துபோன ஒரு லேசர் சுட்டிதான், 14.83 டாலருக்குப் போனது. அது உடைந்தது என்று தெரியுமா என்று நிறுவனர் பியர் ஒமிடியார் வாங்கியவரையே கேட்டாராம், உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாகக் கதை. உங்களிடம் கீறல் விழுந்த சரக்கு இருந்தால் கீறலைப் பக்கத்தில் போய்ப் படமெடுத்து, விலையைக் குறைத்துப் போடுங்கள், போகும். மறைத்து அனுப்பினால் அது கூலியோடு திரும்பி வரும், கூடவே ஒற்றை நட்சத்திரமும் வரும்.

பார்கோடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கம்பெனிப் பொருளின் மேல் 13 இலக்கப் பார்கோடு எண் ஏற்கனவே இருக்கும், அதையே பயன்படுத்தலாம். நீங்களே கட்டிய செட், உங்கள் பெயரில் வரும் பொருள் என்றால் தளம் புது எண் கேட்கும், சில சமயம் விலக்கும் தரும். அந்த எண்களைக் கொடுப்பது ஜிஎஸ்1 என்ற அமைப்பு. மலிவாக விற்கிறார்களே என்று வேறிடத்தில் வாங்கினால் அது இன்னொரு நிறுவனத்தின் பெயரில் பதிவான எண்ணாக இருக்கும், தளம் சரிபார்க்கும்போது உங்கள் பொருளின் பக்கத்தையே எடுத்துவிடக்கூடும்.

இருப்புக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையும் வைத்துக்கொண்டு ஆன்லைனிலும் விற்பவர்கள் விழுவது இங்கேதான். அலமாரியில் கடைசியாக இருந்த ஒன்றைக் காலையில் கடைக்கு வந்தவருக்குக் கொடுத்துவிடுவீர்கள், மதியம் அதற்கே ஆன்லைனில் ஆர்டர் வந்து நிற்கும். கடையில் என்றால் நாளைக்கு வாங்க என்று சொல்லிவிடலாம். தளத்தில் ரத்து செய்தால் கணக்கில் ஏறும். அமேசானில் விற்பனையாளர் தானாக ரத்து செய்யும் விகிதம் 2.5 சதவீதத்துக்குள், தாமதமாக அனுப்புவது 4 சதவீதத்துக்குள், மோசமான ஆர்டர்களின் (வாங்கியவர் புகாரோ மோசமான மதிப்பீடோ கொடுத்தவற்றின்) விகிதம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆயிரம் ஆர்டர் அனுப்புகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நீங்கள் இருபது ஆர்டர் அனுப்பி ஒன்றை ரத்து செய்தாலே 5 சதவீதம். நான் செய்வது மிகச் சாதாரணமான ஒன்று: ஆன்லைனில் போட்ட சரக்கைக் கடை அலமாரியிலிருந்து எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், கடைக்கு வருபவர் கெஞ்சினாலும் அதிலிருந்து எடுப்பதில்லை. இரண்டையும் இணைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் கல்லாவில் நிற்பவர் ஒவ்வொரு விற்பனையையும் பதிந்தால்தான். பதினைந்து பொருளுக்குப் பூட்டிய பெட்டி போதும்.

பேக்கிங்கைச் சோதிக்க ஒரு வழி, கட்டிய பெட்டியை மேஜை உயரத்திலிருந்து ஆறு பக்கமும் ஒவ்வொரு தடவை கீழே போடுங்கள். உள்ளே ஏதாவது ஆடுகிற சத்தம் கேட்டால் மறுபடி கட்டுங்கள். அப்புறம் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு நிஜமாகவே ஒரு பார்சல் அனுப்பி, பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

பணம் உடனே வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். பல தளங்கள் ஒன்று இரண்டு வாரம் பிடித்து வைத்துத்தான் தரும். நாளுக்குப் பத்து பார்சல் போகிறது, பணம் வர 14 நாள் என்றால் எந்த நேரத்திலும் 140 பொருளின் முதல் வெளியே நிற்கிறது, கூரியர் கூலி வேறு. கடைச் சரக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் கை வைக்காமல் இதைத் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரடியாக விற்கும்போது, பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுபவர்களை நம்பி அனுப்ப வேண்டாம், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கட்ட வேண்டும். தவறிப்போய் அதிகமாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டில் வாங்கியவர் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கப் பல சமயம் 120 நாள் வரை அவகாசம் உண்டு, அதனால் அனுப்பிய ரசீது, டிராக்கிங் எண், முடிந்தால் பெட்டியைக் கட்டும்போது எடுத்த படம் ஆகியவற்றை ஆறு மாதமாவது வைத்திருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நான் கை வைத்துச் சொல்லக்கூடியவை. இனிமேல் சொல்வது அந்த அளவு உறுதியில்லை. விளம்பரம் எனக்கு ஒரு வருடம் நன்றாக வேலை செய்தது, அடுத்த வருடம் அதே செலவில் பாதி ஆர்டர்தான் வந்தது, காரணத்தை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு ஆர்டர் பிடிக்க எவ்வளவு விளம்பரம் போனது என்று வாரம் ஒரு தடவை பார்த்து, அது அந்தப் பொருளின் மிச்சத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் மட்டுமே விற்று நன்றாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் எல்லோருமே கேமரா முன் கூச்சமில்லாமல் பேசுகிறவர்கள். சரக்கே வைத்துக்கொள்ளாமல் விற்கலாம் என்று பாடம் நடத்துபவர்களைப் பொறுத்தவரை, பாடத்தில்தான் அவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம், நிரூபிக்கக் கையில் எதுவும் இல்லை.

வரி, பதிவு, சரக்கைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய சட்டம் இவை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வாங்கியதிலிருந்து பின்வாங்கலாம், இன்னோரிடத்தில் அப்படி எதுவும் இருக்காது. கடைக்கு வரிப் பதிவு தேவைப்படாத அளவு சின்ன வியாபாரத்துக்குக்கூட ஆன்லைனில் விற்றால் பதிவு கட்டாயம் என்று சில இடங்களில் விதி உண்டு. உங்கள் கணக்காளரிடம் முதல் ஆர்டருக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஒரு கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்: திரும்பி வந்த பொருளுக்கு நான் கட்டிய வரியை எப்படிக் கழிப்பது?

கடைசியாக, விலை. கடையிலும் ஆன்லைனிலும் வேறு வேறு விலை வைக்கலாமா என்றால், வைக்கத்தான் வேண்டியிருக்கும், மேலே போட்ட கணக்கே அதைச் சொல்கிறது. கூரியரைத் தனியாகக் காட்டுவதா, விலைக்குள் சேர்ப்பதா என்பதில்தான் யோசனை தேவை. கூடையில் போட்டதை வாங்காமலேயே விட்டுவிட்டுப் போவது ஆன்லைனில் சராசரியாக 70 சதவீதம் என்று பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது, அதற்குக் காரணமாக வாங்குபவர்கள் முதலில் சொல்வது கடைசிப் பக்கத்தில் வந்து சேரும் கூரியர், வரி மாதிரியான கூடுதல் செலவுகளை. அதனால் நான் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுகிறேன், இரண்டு மூன்று சேர்ந்த கட்டுக்கு அது உறுத்தாமல் போகிறது. ஒரு இடத்தில் மட்டும் கவனம்: உங்கள் சொந்த வெப்சைட்டில் பெரிய தளத்தைவிடக் குறைவாகப் போட்டால், தளம் அதைக் கண்டுபிடித்து அங்கே வாங்கும் பொத்தானை உங்களிடமிருந்து எடுத்துவிடக்கூடும். கடைப் பலகையில் எழுதும் விலையை அது பார்ப்பதில்லை. ஆனால் கடைக்கு வருபவர் மொபைலைத் திறந்து உங்கள் பெயரிலேயே வேறு விலையைக் காட்டிக் கேட்பார், அதற்கு நீங்கள் மட்டுமில்லாமல் உங்களோடு நிற்கிற இன்னொருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினைந்து பொருளின் இரண்டு விலையையும், வித்தியாசத்தில் கூரியர் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.